நாள் முழுக்க டைப் அடிக்கிறீர்களா? மணிக்கட்டைக் கொஞ்சம் கவனியுங்கள்

காபி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தபோதுகூட நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டம்ளர் சூடாக இருந்திருக்கும், கை வியர்த்திருக்கும், ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே ராத்திரி இரண்டு மணிக்கு வலது கை மரத்துப்போய் விழிப்பு வருவதும், எழுந்து உட்கார்ந்து நாலு உதறு உதறினால் சரியாகிவிடுவதும், திரும்பப் படுத்துத் தூங்கிவிடுவதும் வாடிக்கையாகி இருந்தது. நான் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பும் பிழைத்திருத்தமும் செய்கிற ஆள். புத்தகக் கண்காட்சி நெருங்கினால் ஒரு நாளைக்கு பன்னிரண்டு மணி நேரம் கீபோர்டிலேயே கிடப்பேன். டம்ளர் இரண்டாவது முறை விழுந்த பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

அவர் கையைத் தொடுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, "எந்த விரல்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கை மரத்துப்போகிறது என்றுதான் தெரியுமே தவிர, எந்த விரல் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

எந்த விரல்?

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி. இந்த மூன்றரை விரலில் மரமரப்பும் குத்தலும் இருந்தால் சந்தேகம் மணிக்கட்டின் மேல் விழும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு குறுகலான வழி இருக்கிறது. அடியிலும் பக்கவாட்டிலும் எட்டுச் சின்ன எலும்புகள், மேலே ஒரு கெட்டியான பட்டை. அதற்குள் விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும் மீடியன் என்கிற ஒரு நரம்பும் போகின்றன. கார்பல் டனல் என்று சொல்கிறார்களே, அது இந்த வழிதான். தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கினாலோ, மணிக்கட்டை மேலேயோ கீழேயோ ரொம்ப நேரம் மடக்கி வைத்திருந்தாலோ உள்ளே அழுத்தம் கூடுகிறது. எல்லாவற்றிலும் மெத்தென்று இருப்பது நரம்பு, அதனால் நசுங்குவதும் அதுதான். அந்தத் தொல்லையையும் கார்பல் டனல் என்றே சொல்லிவிடுகிறார்கள். ராத்திரி தூக்கத்தில் நாம் அறியாமலேயே மணிக்கட்டை மடக்கிப் படுப்பதால்தான் மரமரப்பு அந்த நேரத்தில் எழுப்புகிறது.

மரப்பது சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் கதை வேறு. அந்த நரம்பின் பெயர் அல்னார், அது முழங்கையின் உள்பக்கம் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் ஷாக் அடித்த மாதிரி இருக்குமே, அந்த நரம்புதான். முழங்கையை மேஜை விளிம்பிலோ நாற்காலிக் கையிலோ ஊன்றியே உட்காருகிறவர்களுக்கும், மணிக்கணக்கில் கையை மடக்கிப் போனைக் காதில் வைத்திருக்கிறவர்களுக்கும் இது வரும். இதற்கு மணிக்கட்டுப் பட்டை வாங்கிக் கட்டினால் காசுதான் தண்டம்.

மூன்றாவது, மரமரப்பே இல்லாமல் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி வலி. கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்து, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். சுரீர் என்றால் கட்டைவிரலைத் தூக்குகிற தசைநாண்களின் உறையில் புண்பட்டிருக்கிறது. 1895-ல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கெர்வைனின் பெயரிலேயே இன்றும் அழைக்கிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்கும் அம்மாக்களுக்கு இது சகஜம். டைப் அடிப்பவர்களுக்கு ஸ்பேஸ் பாரைக் கட்டைவிரலால் ஓங்கிக் குத்துவதும், போனை ஒற்றைக் கையில் பிடித்து அதே கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருப்பதும் போதும்.

இதெல்லாம் எதுவும் இல்லாமல் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், முன்கையின் மேல்பக்கம் கனமாக, இழுத்துப் பிடித்த மாதிரி வலிக்கிறதா? கணினிக்காரர்களில் பலருக்கு இருப்பது இதுதான். விரலை அசைக்கிற பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. விரல் வேலை செய்தால் அலுப்பு அங்கேதான் தெரியும். இது நரம்புச் சிக்கல் இல்லை, ஒழுங்காக ஓய்வு கொடுத்தால் சீக்கிரம் அடங்கும். டைப் அடிப்பதால் மட்டுமே கார்பல் டனல் வந்துவிடுமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை; சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பகாலம், முடக்குவாதம் இதெல்லாம் அதை இழுத்துவரும் காரணங்கள் என்பதில் சந்தேகம் இல்லை. எனக்கும் தைராய்டு பரிசோதனை எழுதிக் கொடுத்தார், பார்த்தால் அதுவும் குறைவாகத்தான் இருந்தது. ஆக, கீபோர்டை மட்டும் திட்டிக்கொண்டிருக்காமல் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கைக்கு ஒரே கணக்குதான்

இணையத்தில் தேடினால் முதலில் வருவது நாற்காலி விளம்பரம், அப்புறம் கீபோர்டு விளம்பரம். நான் சொல்வது வேறு. கைக்கு ஆபீஸ் கணக்கு, வீட்டுக் கணக்கு என்று தனித்தனி நோட்டு கிடையாது. காலையில் துணி பிழிந்தது, தேங்காய் துருவியது, பைக் ஓட்டியது, எட்டு மணி நேரம் தட்டியது, படுக்கையில் போன் தள்ளியது எல்லாம் ஒரே நோட்டில்தான் ஏறுகிறது. ஒரு பக்கம் சாதனத்தை மாற்றிவிட்டு மறுபக்கம் எண்ணிக்கையைக் குறைக்காமல் விட்டால் வலி போகாது. எண்ணிக்கையைக் குறை, நடுநடுவே இடைவெளி விடு, மீதி எல்லாம் அப்புறம்.

இது புதிய சேதியும் இல்லை. 1713-லேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி, நாள் முழுக்க எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாக்களுக்கு வரும் கை உபாதைக்கு மூன்று காரணம் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி விடாமல் அசைப்பது, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மன இறுக்கம். மூன்றாவதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிழைத்திருத்தம் பார்க்கிற யாருக்கும் வரும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த மிஷினில் ஒவ்வொரு கட்டையையும் அழுத்த இன்றைய கீபோர்டைப் போலப் பல மடங்கு பலம் வேண்டும். ஆனாலும் வரி முடியப்போகும்போது மணி அடிக்கும், இடது கையைத் தூக்கி லீவரைத் தள்ள வேண்டும், பக்கம் முடிந்தால் தாளை உருவிப் புதுத்தாள் சொருக வேண்டும். கைக்கு ஒவ்வொரு வரிக்கும் ஒரு சின்ன விடுமுறை. கணினி அந்த விடுமுறை எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டது. நாம்தான் அவற்றைத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும்.

நான் போட்டுக்கொண்டது இப்படி. ஒரு பத்தி முடிந்தால் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்து உள்ளங்கை மேலே பார்க்க மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பத்தியைப் படிக்கிறேன். எப்படியும் படிக்கத்தான் போகிறோம், கீபோர்டின் மேல் விரலை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு படிப்பானேன்? அரை மணிக்கு ஒரு முறை எழுந்திருக்கிறேன். இதற்கு அலாரம் வைத்து, அலாரத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்து, அப்புறம் கண்டுபிடித்த வழி: தண்ணீரை இரண்டு லிட்டர் பாட்டிலில் வைத்துக்கொள்ளாமல் சின்ன டம்ளரில் வைத்துக்கொள்வது. டம்ளர் காலியானால் எழுந்துதான் ஆக வேண்டும், தண்ணீர் குடித்தால் இன்னொன்றுக்கும் எழுந்துதான் ஆக வேண்டும். மென்பொருள்தான் வேண்டும் என்றால் விண்டோஸிலும் லினக்ஸிலும் வொர்க்ரேவ் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. நேரம் ஆனால் திரையில் வந்து நின்று நச்சரிக்கும், பிடிவாதக்காரர்கள் கீபோர்டையே பூட்டிவிடச் சொல்லியும் வைக்கலாம்.

மேஜை, நாற்காலி, மணைப்பலகை

நம் ஊரில் கிடைக்கும் மேஜைகள் ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் உயரம். சாப்பாட்டு மேஜையும் அதே உயரம்தான். ஐந்தடி, ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒருவர் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் அவருடைய முழங்கை அதற்குச் சில அங்குலம் கீழே இருக்கும். அப்போது என்ன ஆகிறது, தோளைக் காதுவரை தூக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்றிக் கையைப் பின்னால் மடக்கி, பாம்பு படம் எடுத்த மாதிரி தட்ட வேண்டும். இரண்டாவதைத்தான் எல்லாரும் செய்கிறோம், கெடுதலும் அதில்தான் அதிகம்.

வழி எளிது. மேஜையைக் குறைக்க முடியாது, நாம் உயர வேண்டும். நாற்காலியை ஏற்றுங்கள், ஏற்ற முடியாத நாற்காலி என்றால் கெட்டியான தலையணை ஒன்றைப் போடுங்கள். தோள் தளர்ந்து, முழங்கை உடம்பை ஒட்டி ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கி, முன்கை தரைக்கு இணையாகக் கீபோர்டின் மேல் வர வேண்டும். இப்போது கால் தரையில் எட்டாமல் தொங்கும். அதற்குக் காலடியில் ஒரு மணைப்பலகை. ஆபீஸ் சாமான் கடையில் விற்கும் ஃபுட் ரெஸ்ட்டை விட அது நன்றாகவே வேலை செய்கிறது, நான் மூன்று வருடமாக அதில்தான் கால் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் வருத்தம், நல்ல காரியத்துக்கு உட்காருகிற மணையில் காலை வைக்கிறாளே என்று. பழைய டைரிகளைக் கட்டி வைத்தாலும் போதும்.

லேப்டாப்பை அப்படியே வைத்து நாள் முழுக்க வேலை செய்யவே செய்யாதீர்கள். திரை கண்ணுக்கு எட்டினால் கீபோர்டு கைக்கு உயரம், கீபோர்டு கைக்குச் சரியானால் கழுத்து குனியும். நாலு தடித்த புத்தகத்தின் மேல் லேப்டாப்பை ஏற்றிவிட்டு, தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கி மேஜையில் வையுங்கள். இருக்கிற பணத்தில் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், நாற்காலிக்கு முன்னால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு வயிற்றின் மேல் லேப்டாப் வைத்து டைப் அடிப்பது பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, எனக்கு டம்ளர் விழுந்த கதையில் அதற்கும் பங்கு உண்டு.

மேஜை விளிம்பு கூர்மையாக இருந்தால் ஒரு துண்டைச் சுருட்டி விளிம்பில் வையுங்கள். கீபோர்டுக்கு முன்னால் வைக்கிற ஜெல் மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை: அது டைப் அடிக்காத நேரத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியைச் சாய்க்க. அதில் மணிக்கட்டை அழுத்தி வைத்துக்கொண்டே தட்டினால், நரம்பு போகிற அந்தக் குறுகல் வழியின் மேலேயே பாரம் வைக்கிறீர்கள் என்று அர்த்தம். இன்ஸ்டிட்யூட் வாத்தியார் மிஷின் சட்டத்தில் கை படக் கூடாது என்று அதட்டுவாரே, அது கணினிக்கும் பொருந்தும்.

கீபோர்டு, மவுஸ்

கீபோர்டின் பின்பக்கம் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும். எல்லாரும் வாங்கியதும் அதை விரித்து நிறுத்துவார்கள். மடக்கிவிடுங்கள். பின்பக்கம் உயர்ந்தால் மணிக்கட்டு இன்னும் மேல்நோக்கி வளையும்.

அடுத்து, கீபோர்டின் நடுவை உடம்பின் நடுவுக்கு நேராக வைப்பது ஒரு தப்பு. எண்கள் தனியாக உள்ள முழுக் கீபோர்டில் எழுத்துகள் எல்லாம் இடது பக்கம் ஒதுங்கிக் கிடக்கின்றன. ஆங்கில B எழுத்து உங்கள் தொப்புளுக்கு நேராக வரும்படி வையுங்கள், அதுதான் நடு. அப்படி வைத்ததும் புதுச் சிக்கல் ஒன்று தெரியும்: எண் கட்டைகள் வலது பக்கம் நீண்டு, மவுஸை எங்கோ தள்ளிவிடும். கையை எட்டி நீட்டி மவுஸ் பிடித்தால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை இழுக்கும். நீங்கள் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கவில்லை என்றால் எண் கட்டைகள் இல்லாத கீபோர்டே போதும். கணக்கு வேலைதான் என்றால் மவுஸை இடது பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.

இடது கை மவுஸ் முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், ஒரு கோப்பை இழுத்து வேறு இடத்தில் போடப் போய் நான் அதை எங்கேயோ தொலைத்தேன். இரண்டாவது வாரம் பழகிவிடும். மவுஸைப் பிடிப்பது பற்றி: கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடியுங்கள், நசுக்காமல். மணிக்கட்டை மேஜையில் ஆணி அடித்த மாதிரி வைத்து விரலால் மட்டும் இடமும் வலமும் ஆட்டாமல் முழங்கையிலிருந்து மொத்தமாக நகர்த்துங்கள். கர்சரின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் கை அசைய வேண்டிய தூரம் குறையும். நிறைய இழுத்து விடுகிற வேலை இருந்தால் விண்டோஸ் மவுஸ் அமைப்பில் கிளிக்லாக் என்று ஒன்று இருக்கிறது, ஒரு முறை சற்று அழுத்திவிட்டு விட்டால் போதும், பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ரகசியமாகச் சொல்கிறேன், கை குலுக்குகிற மாதிரி நிமிர்த்திப் பிடிக்கும் வெர்டிகல் மவுஸ் எனக்கு உதவியது, என் நண்பருக்கு உதவவே இல்லை. யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு வாரம் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கண்ட்ரோல், ஷிஃப்ட் கட்டைகளைச் சுண்டுவிரலால் அழுத்திக்கொண்டு அதே கையின் இன்னொரு விரலை எட்டி நீட்டாதீர்கள். ஒரு கையில் கண்ட்ரோல், மறு கையில் எழுத்து. அதுவும் சிரமம் என்றால் ஷிஃப்டை ஐந்து முறை தட்டிப் பாருங்கள், விண்டோஸ் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று கேட்கும். சரி என்றால் இரண்டு கட்டையையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். விளையாட்டுக்காரர்கள் எரிச்சலோடு மூடுகிற பெட்டி அது, நமக்கு வரம்.

அப்புறம், மெதுவாகத் தட்டுங்கள். வேகத்தைச் சொல்லவில்லை, பலத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் நான் கோபமாக இருக்கிறேனா என்பதைப் பக்கத்து அறையிலிருந்து கீபோர்டுச் சத்தத்தை வைத்தே சொல்வார்கள். கட்டை இறங்க வேண்டிய அளவுக்கு மேல் செலவிடும் பலம் எல்லாம் விரல் மூட்டுக்குத்தான் திரும்பி வருகிறது.

தமிழில் தட்டுகிறவர்களுக்கு

எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்றேன். தமிழில் டைப் அடிக்கிறவர்களுக்குக் கையில் உள்ள பெரிய ஆயுதம், எந்த முறையில் அடிக்கிறோம் என்பதுதான். நான் பத்து வருடம் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிக்கும் முறையில்தான் இருந்தேன். அதில் வணக்கம் என்று அடிக்க எட்டு எழுத்து, ணகரத்துக்கு ஒரு ஷிஃப்ட், ஆக ஒன்பது அழுத்தல். தமிழ்99 என்கிற விசைப்பலகை முறையில் வ, ண, க, க, ம, புள்ளி என்று ஆறு. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும், அகரத்துக்கு எதுவும் அடிக்க வேண்டாம், தமிழ் எழுத்து எதற்கும் ஷிஃப்ட் கிடையாது. பிழைத்திருத்தம் என்ற சொல் என் பழைய முறையில் பத்தொன்பது, தமிழ்99-ல் பதின்மூன்று. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் சொல் அடிக்கிறவருக்கு இது எவ்வளவு மிச்சம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு இது. உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். அதிகம் வரும் க, ப, ம, த, ந, ய வலது கையின் நடு வரிசையிலேயே இருக்கின்றன, விரல் மேலும் கீழும் தாவுவது குறைவு. விண்டோஸிலும் மேக்கிலும் கூடவே வருகிறது, தனியாக வேண்டும் என்றால் என்எச்எம் ரைட்டர் இருக்கிறது. குறை இல்லாமல் இல்லை: அகரத்தை அடிப்பதே இல்லை என்பதால் உயிரைவிட மெய்தான் அதிகம் விழும், வலது கைக்குச் சுமை கூடும். மவுஸை நான் இடதுக்கு மாற்றியதற்கு உண்மையான காரணம் அதுதான். பழகுவதற்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் பாதி வேகத்தில்தான் வேலை நடந்தது, கை வலி குறைந்ததில் பாதி அந்த மந்த வேகத்தால்தானோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

திரும்பத் திரும்ப வரும் நீளமான சொற்களை வேர்டிலோ லிப்ரே ஆபீஸிலோ ஆட்டோகரெக்ட்டில் போட்டுவைக்கலாம். தநா என்று அடித்தால் தமிழ்நாடு, மொபெ என்றால் மொழிபெயர்ப்பாளர். பொருளே இல்லாத கூட்டாகத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் எங்கேயாவது விபரீதமாக விரிந்துவிடும். முதல் வரைவுக்குக் கூகுள் டாக்ஸில் குரல் தட்டச்சு தமிழிலேயே இருக்கிறது, போனில் ஜிபோர்டிலும் பேசி எழுதலாம். ஒற்று, ல-ள-ழ எல்லாம் அப்புறம் உட்கார்ந்து சரி பார்க்கத்தான் வேண்டும், நிறுத்தற்குறியை நான் கையால்தான் போடுகிறேன். இருந்தாலும் பத்தாயிரம் அழுத்தலுக்குப் பதில் சில நூறு. பேசிப் பேசித் தொண்டை கட்டினால் அது வேறு கணக்கு.

கணினியை மூடிய பிறகு

நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு ஒரு மணி நேரம் பைக்கில் போகிறவர், ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்த வலது கையில் அதிர்வையும் வாங்கிக்கொண்டேதான் போகிறார். பிடியைத் தளர்த்துங்கள், சிக்னலில் நின்றால் கையை எடுத்து ஆட்டிக்கொள்ளுங்கள். கிளட்ச் ரொம்ப இறுக்கமாக இருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், கேபிளை மாற்றினாலே இலகுவாகிவிடும்.

வீட்டில் கையைக் கெடுப்பதில் முதலிடம் துணி பிழிவதற்கு. கனமான ஜீன்ஸையும் போர்வையையும் முறுக்காமல் அப்படியே சொட்டச் சொட்டக் கம்பியில் போடுங்கள். சப்பாத்தி மாவு பிசைவது, தேங்காய் துருவுவது, இறுகிய பாட்டில் மூடி திருகுவது, இவற்றில் வலி இருக்கிற நாட்களில் ஏதாவது இரண்டையாவது வேறு யாரிடமாவது தள்ளிவிடுங்கள். வீட்டில் பெண்கள்தான் ஆபீஸும் பார்த்து இதையும் பார்க்கிறார்கள், கார்பல் டனல் பெண்களுக்கு அதிகம் வருவதற்கு உடலமைப்பு, ஹார்மோன் என்று காரணங்கள் உண்டு. அந்த வரிசையில் மாவுச் சட்டியையும் நான் சேர்த்துக்கொள்வேன். போனைப் படுத்துக்கொண்டு பார்ப்பதைவிட மேஜையில் சாய்த்து வைத்து ஆள்காட்டி விரலால் தள்ளுங்கள்.

ஏசி அறையில் விரல் சில்லிட்டுப்போனால் சூடான டீ டம்ளரை இரண்டு கையாலும் ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு அப்புறம் தொடங்குங்கள், முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சி என்று பெரிதாக வேண்டாம். விரல்களை நேராக நீட்டி, நுனி இரண்டு மூட்டை மட்டும் கொக்கி போல மடக்கி, மறுபடி நீட்டி, முழு முஷ்டி பிடித்து, மறுபடி நீட்டி. இதை ஐந்து முறை, ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை, அவசரமில்லாமல். அப்புறம் ஒரு கையை நேராக முன்னால் நீட்டி, மறு கையால் அதன் விரல்களை மெதுவாகப் பின்னால் இழுத்து இருபது எண்ணுங்கள். கையைத் திருப்பிக் கீழ்நோக்கி மடக்கியும் அதே இருபது. இழுவிசை தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது. மரமரப்பு கூடினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

வந்துவிட்டால்

சாயங்காலம் வலித்துக் காலையில் போய்விட்டால் அது எச்சரிக்கை. காலையிலும் இருந்தால் அந்த வாரமே வேலையைக் குறைக்க வேண்டும். வேலையே செய்யாதபோதும் வலித்தால், ராத்திரி எழுப்பினால், சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனால், சாமான் கை தவறினால், கட்டைவிரலுக்கு அடியில் உள்ள சதை மேடு மறு கையைவிட இளைத்துத் தெரிந்தால் டாக்டர்தான். கடைசியாகச் சொன்னது ரொம்ப முற்றிய அறிகுறி, அதுவரை இழுக்க வேண்டாம். நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஒரு பரிசோதனை எடுப்பார்கள், கொஞ்சம் சுருக் சுருக் என்று இருக்கும், அவ்வளவுதான்.

நான் செய்த தப்புகள் இரண்டு. வலி மாத்திரை போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது ஒன்று. மாத்திரை வலியை மறைத்தது, நான் இன்னும் ஆயிரம் சொல் கூட அடித்தேன். இன்னொன்று, சுளுக்கு என்று நினைத்துக்கொண்டு நீவி விடுகிறவரிடம் போனது. அவர் நல்லெண்ணெய் போட்டு மணிக்கட்டை அழுத்தி முறுக்கி ஒரு சொடக்கு எடுத்தார், அடுத்த மூன்று நாள் பேனாகூடப் பிடிக்க முடியவில்லை. வெதுவெதுப்பான எண்ணெயை முன்கையில் மெதுவாகத் தடவிக்கொள்வது சுகம்தான். வீங்கிய உறையின் மேல், நசுங்கிய நரம்பின் மேல் கட்டைவிரலை ஊன்றி அழுத்த விடாதீர்கள்.

எனக்குக் கைகொடுத்தது ராத்திரிப் பட்டை. உள்ளே தகடு வைத்த, மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை, மெடிக்கலில் அளவு பார்த்து வாங்கலாம். தூங்கும்போது மட்டும் கட்ட வேண்டும், பகலில் கட்டிக்கொண்டே டைப் அடித்தால் அதோடு மல்லுக்கட்டி முன்கை இன்னும் வலிக்கும். இறுக்கிக் கட்டக் கூடாது, விரல் சுதந்திரமாக மடங்க வேண்டும். முதல் வாரம் தூக்கத்தில் நானே கழற்றி எறிந்திருக்கிறேன். நாலாவது வாரம் இரண்டு மணி விழிப்பு நின்றது. இதிலும் கேட்காதவர்களுக்கு ஊசி, அப்புறம் மணிக்கட்டுக்குள் அந்தக் குறுகல் வழியின் மேலே இருக்கும் கெட்டியான பட்டையை வெட்டி வழியை அகலமாக்கும் சின்ன அறுவை சிகிச்சை இருக்கிறது, அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

வேலைக்குத் திரும்பியபோது முதல் நாள் கால் மணி நேரம் மட்டும் அடித்தேன். வலி இல்லை என்பதால் மேலே போகத் தோன்றியது, போகவில்லை. இந்த வலி உடனே தெரியாது, மறுநாள் காலையில்தான் வந்து கதவைத் தட்டும், அதனால் ஒவ்வொரு அளவையும் கூட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி காத்திருந்தேன். நாலு மணி நேரத்துக்கு வரவே ஒன்றரை மாதம் ஆனது. அந்த வருடம் கண்காட்சிக்கு ஒரு புத்தகம் தாமதமாகப் போனது, பதிப்பாளர் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாவது நாள் அவரே போன் செய்து, தனக்கும் கொஞ்ச நாளாகச் சுண்டுவிரல் மரத்துப்போகிறது, எந்த டாக்டரிடம் போனாய் என்று கேட்டார். முழங்கையை எங்கே ஊன்றுகிறீர்கள் என்று நான் கேட்டேன்.